பச்சைச் சீட்டில் ஓர் அருவி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் என் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் கை கொஞ்சம் நீளம்னு ஒருத்தர் உங்ககிட்ட சொல்றார். என்ன புரிஞ்சுக்குவீங்க?"

அவள் நன்றாக யோசித்தாள். "சட்டை தைக்கத் துணி கூட வேணும்," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எதையாவது சொல்லி அவள் என்னைச் சிரிக்க வைக்காத நாள் குறைவு. இதுவும் அவள் குறும்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார் இவர் என்பதுபோல டாக்டரைப் பார்த்தாள். டாக்டரும் சிரிக்காமல் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். மூளையின் வலது பக்கத்தில் சின்னதாக ஒரு ரத்த அடைப்பு. அதனால் தளர்ந்த இடது கையும் காலும் தேறிக்கொண்டிருந்தன. பேச்சு, எழுத்து, நினைவு எல்லாம் பழையபடி. சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற பொருள் மட்டும் அவளுக்கு எட்டவில்லை. கேலி, ஜாடை, மிகை, உவமை எதுவும் பிடிபடாது. ஒருவர் குரலை வைத்து அது கோபமா விளையாட்டா என்று சொல்லவும் முடியவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் வேலைக்குப் போகலாமா?"

"என்ன வேலைங்கறதைப் பொறுத்தது."

வேலை இதுதான். லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் மேசை. முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள் எங்கள் பொறுப்பு. எங்கே எந்த லிஃப்ட் மக்கர் செய்தாலும் மணி அடிப்பது அவள் மேசையில். காதில் ஹெட்போன், வாய்க்கு எதிரே மைக். அதனால் மெக்கானிக்குகளுக்கு அவள் மைக் அக்கா. ஃபோனில் சொல்வதைக் கேட்டு அவள் சீட்டு எழுதுவாள். பச்சைச் சீட்டு என்றால் வரிசைப்படி ஆள் போகும். சிவப்புச் சீட்டு என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். ஆள் போய்ச் சேர்வதற்குள் கட்டடத்தில் இருப்பவரைக் கொண்டே லிஃப்ட்டின் மெயின் சுவிட்சை அணைக்கச் செய்வதும் அவள் பொறுப்பு. பச்சையா சிவப்பா என்று முடிவுகட்ட அவளுக்கு அரை நிமிஷம் போதும். பதினொரு வருஷம் அப்படித்தான் நடந்தது.

நானும் அதே கம்பெனிதான், உதிரிபாக ஸ்டோர். புகார் அறைக்கும் ஸ்டோருக்கும் நடுவே சாமான் கொடுக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. ரோலர், ஸ்பிரிங், பட்டன், பல்பு என்று நானூறு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். அதனால் எனக்கு அங்கே லேபிள் என்று பெயர்.

ஃபோன் செய்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் மனப்பாடம். லிஃப்ட் நின்றால் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். செத்துப்போச்சு என்பார்கள். கதவு மெதுவாக மூடினால் கல்யாண ஊர்வலம் மாதிரி வருகிறது என்பார்கள். மூன்று தடவை கூப்பிட்டவர் நூறு தடவை கூப்பிட்டேன் என்பார். இந்தப் பேச்சையெல்லாம் உரித்து உள்ளே இருக்கும் கொட்டையை எடுப்பதுதான் அவள் வேலையே. அதே வேலையைத்தான் இப்போது அவளால் செய்ய முடியாது.

மேலாளரிடம் போய் நான் இப்படிச் சொன்னேன்: "கையில கொஞ்சம் பலவீனம் சார். மத்தபடி பழைய மாதிரிதான்."

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் நேராகச் சொல்கிற பழக்கம் கிடையாது. "ஆறு வாரம் கழிச்சு ஒரு வாரம் உட்கார வச்சுப் பார்ப்போம். நல்லா வந்தா அவங்க நாற்காலி அவங்களுக்கு. இல்லேன்னா இப்ப இருக்கற பொண்ணே இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

இருந்துட்டுப் போகட்டும் என்றால் நிரந்தரம் என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. வீட்டில் அவளிடம் அதை நேராகவே சொன்னேன். அவள், "ஒரு வாரம்னா ஏழு நாளா, ஆறு நாளா?" என்று கேட்டாள்.

அன்றே ஒரு நீள நோட்டு வாங்கினேன். பக்கத்தின் நடுவே கோடு. இடது பக்கம் சொல்வது, வலது பக்கம் அர்த்தம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, ஆகுபெயர், வஞ்சப்புகழ்ச்சி, இடக்கரடக்கல் என்று ஆறு பகுதி பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு வண்ணத் தாள் ஒட்டினேன், விரலால் சட்டென்று புரட்ட. பதினொரு வருஷத்துப் பழைய சீட்டுகள் ஸ்டோரில் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தேன்.

"உயிரே போயிடுச்சு" — பயந்துவிட்டார். உயிர் இருக்கிறது. பச்சை.

"லிஃப்ட் ராத்திரி பூரா அழுவுது" — சத்தம். கிரீஸ் போடவேண்டும். பச்சை.

"மூணாவது மாடியே கொதிச்சுப் போயிருக்கு" — ஆகுபெயர். மாடி என்றால் அதில் குடியிருப்பவர்கள். கோபம். தீ அல்ல. பச்சை.

"உங்க ஆளு கைராசிக்காரர், தொட்டாரு, நின்னுபோச்சு" — வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போல் திட்டுகிறார். மன்னிப்புக் கேட்கவும். பச்சை.

"உள்ள மாட்டியிருக்கறவருக்கு ஒரு மாதிரியா இருக்காம்" — இடக்கரடக்கல். கழிப்பறை. சிவப்பு.

இப்படி நூற்று எண்பத்தாறு. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் பொதுவிதி ஒன்றும் எழுதினேன்: பெரிதாகச் சொன்னால் சிறிதாக எடுத்துக்கொள்.

தினமும் சாயந்திரம் ஆறிலிருந்து ஏழு வரை பாடம். நான் ஃபோன் பேசுகிறவன் மாதிரி நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து பேசுவேன். அவள் எதிரே உட்கார்ந்து சீட்டு எழுதுவாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் எங்கள் மகள் மூன்றாம் நாள் வந்து வாசலில் நின்றாள்.

"அப்பா, இது வீடா, பள்ளிக்கூடமா?"

"வீடு," என்றாள் என் மனைவி.

"அம்மா, அது கேள்வி இல்லம்மா."

"கேள்வி மாதிரிதானே கேட்ட?"

"கேட்டேன். ஆனா பதில் வேண்டாம்."

"பதில் வேண்டாம்னா எதுக்குக் கேட்ட?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டில் ஏழாவது பகுதி திறந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அன்பாகப் பேசிப் பழக்கமில்லை, கிண்டல்தான். காலையில் அவள் எழுந்து வரும்போது "மகாராணி எழுந்தருளியாச்சா?" என்பேன். "ஆச்சு, அடிமை டீ போட்டாச்சா?" என்பாள். அதுதான் எங்களுக்குக் கொஞ்சல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பழக்க தோஷத்தில் மகாராணி என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் நின்று என்னை உற்றுப் பார்த்தாள். "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறாள்.

அன்றோடு நிறுத்திவிட்டேன். கிண்டலை நிறுத்தினால் வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆகவே பாடம் மட்டும் பேசினேன்.

நாலாவது வாரம் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏங்க, நீங்க இப்பல்லாம் என்கிட்ட பேசறதே இல்ல."

"இப்ப பேசிட்டுத்தானே இருக்கேன்?"

"இது பாடம்."

"பாடம் முடியட்டும். உன் நாற்காலியில உட்காரு முதல்ல."

"சரி," என்றாள். பிறகு கேட்டாள்: "இந்த நோட்டுல இருக்கறவங்க எல்லாரும் பொய் சொல்றவங்களா?"

"பொய் இல்லம்மா. வழக்கம்."

"நூறு தடவை கூப்பிடாம நூறு தடவைன்னா பொய்தானே?"

"மூணு தடவைன்னா நாம ஓடி வரமாட்டோம்னு அவனுக்குத் தெரியும். அதான் நூறு."

"நாம ஓடி வந்துட்டா மூணுன்னு சொல்வாரா?"

நான் அடுத்த பக்கம் புரட்டினேன்.

ஆறு வாரம் முடிந்து திங்கட்கிழமை அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நோட்டு மேசை இழுப்பறையில் திறந்தபடி. நான் ஸ்டோர் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் அன்று எந்தப் பட்டனையும் எந்த ஸ்பிரிங்கையும் யாரும் ஒழுங்காக வாங்கிப் போகவில்லை. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று.

தலைமை மெக்கானிக்குக்கு ஆறடிக்கு மேல் உயரம், அதனால் நெட்டை. அவன் கருவிப் பையோடு உள்ளே வந்து கையைக் கூப்பினான். "வந்துட்டாங்கடா மைக் அக்கா! இனிமே நமக்கு ராஜ வாழ்க்கைதான், ஓடவே வேண்டாம்!"

என் மனைவி இழுப்பறையைப் பார்த்து விரலால் ஒரு வண்ணத் தாளைப் புரட்டினாள். "வஞ்சப்புகழ்ச்சி," என்றாள் உரக்க. "மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

நெட்டை அப்படியே நின்றான். பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஒரு டப்பாவை எடுத்து அதில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பெயரை மறுபடி அழுத்தி ஒட்டினேன்.

மத்தியானம் வந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றினான். "அண்ணே, அக்காவுக்குக் கை மட்டும்தானா?"

"கை மட்டும்தான்."

"சரி," என்றான். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவளிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்கு வழி சொல்கிறவன் மாதிரி பேசினான். "அக்கா. நான். வெளிய. போறேன்."

"ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசறே? தொண்டை வலியா?" என்றாள் அவள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரு பிசகும் இல்லை. லிஃப்ட் செத்ததற்குப் பச்சை, மாடி கொதித்ததற்குப் பச்சை, ஒரு வயதானவருக்கு ஒரு மாதிரியாக இருந்ததற்குச் சிவப்பு. புதன் சாயந்திரம் மேலாளர் அவள் மேசையைக் கடக்கும்போது தலையை ஆட்டினார். நான் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை விசில் அடித்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் வாட்ச்மேன் கூப்பிட்டார். நிதானமான குரல். ஜன்னல் வழியாக எனக்கு அவள் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"சொல்லுங்க... தண்ணியா? எங்கே?... லிஃப்ட் குழிக்குள்ளயா? எப்படி வருது?... அருவி மாதிரியா? ஒரு நிமிஷம்."

இழுப்பறைக்குள் காகிதம் புரளும் சத்தம்.

"சரிங்க. வரிசைப்படி ஆள் வரும்."

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்லியிருக்கவேண்டும். "புரியுதுங்க, கவலைப்படாதீங்க, மன்னிச்சுக்கங்க," என்று நோட்டில் எழுதியிருந்தபடியே சொல்லி வைத்துவிட்டாள்.

பச்சைச் சீட்டு. உவமைப் பகுதி, ஒன்பதாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி: "அருவி மாதிரி கொட்டுது" — சொட்டுகிறது. பச்சை. அதை எழுதியது என் கை.

நெட்டை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மொட்டை மாடித் தொட்டியின் வால்வு உடைந்து, நிரம்பி வழிந்த தண்ணீர் முழுக்க லிஃப்ட் குழி வழியாக ஏழு மாடி இறங்கியிருக்கிறது. அருவி மாதிரி இல்லை, அருவியே. கண்ட்ரோல் போர்டு கருகிப்போய்விட்டது. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. உள்ளே ஒரு தையற்காரர், தைத்து முடித்த ஆறு கோட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, கூரை விளிம்பிலிருந்து ஒழுகிய தண்ணீரில் நாற்பது நிமிஷம் நனைந்துகொண்டு. அடிபடவில்லை. கதவைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தைகளை நெட்டை எங்களிடம் சொல்ல மறுத்துவிட்டான். அவை எந்த வகையிலும் சேராது என்று மட்டும் சொன்னான்.

மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமலே இருந்தது. அணைக்கச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. அணைத்திருந்தால் தையற்காரர் அதில் ஏறியே இருக்கமாட்டார். இன்னும் கொஞ்சம் பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று லிஃப்ட் தொழிலில் இருக்கிற எவனுக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாட்ச்மேனை மேலாளரே கூப்பிட்டுக் கேட்டார். "நான் அருவின்னு சொன்னேனே சார். அந்தம்மா ரொம்ப மரியாதையா மன்னிப்புக் கேட்டுச்சு," என்றாராம். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அவர் எட்டு வருஷத்தில் எங்களைக் கூப்பிட்டது மொத்தம் நாலு தடவை. நாலு தடவையும் சொன்னது சொன்னபடி இருந்திருக்கிறது. கூட்டியும் குறைத்தும் பேசத் தெரியாத ஒரு மனிதர் எங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டடத்தில் இருந்திருக்கிறார். அவருக்கு என் நோட்டில் இடமில்லை.

மூன்று மணிக்கு என் மனைவி ஜன்னலுக்கு வந்தாள். கையில் நோட்டு.

"ஒன்பதாம் பக்கத்துல தப்பு இருக்கு," என்றாள்.

"ஆமா."

"கடைசிப் பக்கத்துலயும் தப்பு இருக்கு. பெரிசாச் சொன்னா சிறிசா எடுத்துக்கன்னு. அவர் பெரிசாத்தான் சொன்னார். பெரிசாத்தான் இருந்துச்சு."

"ஆமாம்மா. தப்பு என்னோடது."

"நான் எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்துச்சு. குழிக்குள்ள தண்ணின்னா சிவப்புன்னு எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாத் தெரியும். ஆனா நோட்டுல பச்சைன்னு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சதை விட்டுட்டு உங்களை நம்பினேன்."

அதை அவள் திட்டாகச் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது அப்படிச் சொல்லவும் வராது. ஒரு டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அதனால் இன்னும் வலித்தது.

"எதுக்கு இதை எழுதினீங்க?"

"நீ அந்த நாற்காலியில உட்காரணும்னு."

"சார்கிட்ட என் தலையைப் பத்தி ஏன் சொல்லல?"

"சொன்னா உட்கார விடமாட்டார்னு."

"நாற்காலி எனக்கு வேணும். உங்களுக்கு எதுக்கு வேணும்?"

இதற்கு ஆயிரம் பதில் இருந்தன என் வாயில். எல்லாம் சுற்றி வளைத்த பதில்கள். ஒவ்வொன்றையும் நாக்கின் நுனிவரை கொண்டுவந்து திருப்பி அனுப்பினேன். அவளுக்கு அவை போய்ச் சேராது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன். "பழைய ஆள் திரும்பி வரலேன்னா என்ன பண்றதுன்னு பயம். நீ அங்க உட்கார்ந்துட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுக்கலாம்னு பார்த்தேன். உன்னைப் பிடிக்கும் எனக்கு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பாடம் நடத்திட்டேன்."

அவள் நோட்டைத் திறந்து வண்ணத் தாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இது எந்த வகை?"

"எந்த வகையும் இல்ல. உள்ளது."

"சரி," என்றாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். "வாங்க, சார் கூப்பிடறார்."

மேலாளர் அறையில் நெட்டை ஏற்கெனவே ஓரமாக நின்றிருந்தான், கால்சட்டை முழங்கால் வரை ஈரமாக. மேலாளர் பச்சைச் சீட்டை மேசை நடுவில் வைத்திருந்தார்.

"பிரமாதம்," என்றார் அவளைப் பார்த்து. "ரொம்பப் பிரமாதமான வேலை. சபாஷ்."

"சார், இது பாராட்டா, திட்டா?" என்று கேட்டாள் அவள்.

அவர் முகம் சிவந்தது. எகத்தாளம் என்று நினைத்திருக்கவேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"நான் கிண்டலுக்குக் கேட்கல சார். எனக்குக் கிண்டல் வராது இப்ப. மூளையில வலது பக்கம் அடைப்பு வந்துச்சுல்ல, அதுல சொல்றது ஒண்ணு அர்த்தம் ஒண்ணுன்னா எனக்குத் தெரியறதில்ல. குரலை வச்சும் தெரியல. இவர் உங்ககிட்ட கை மட்டும்தான்னு சொன்னார். அது பொய். இந்த நோட்டை எழுதிக் குடுத்தார். மூணு நாள் இதைப் பார்த்துத்தான் ஓட்டினேன். இன்னிக்கு நோட்டு தப்பாப் போச்சு. நான் அதை நம்பினது என் தப்பு."

 மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார்," என்றேன். "எல்லாம் உண்மை."

அவர் நோட்டை இழுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "'மேலாளர் பிஸியா இருக்கார் — பேச விருப்பமில்லை.' இது எந்தப் பகுதிய்யா?"

"இடக்கரடக்கல் சார்."

நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பி இருமினான்.

"திட்டுதான்," என்றார் மேலாளர் அவளிடம், நோட்டை மூடிவிட்டு. "பிரமாதம்னு சொன்னேனே, அது திட்டுதான். உள்ள ஒரு ஆள் இருந்திருக்கார்மா."

"தெரியும் சார். திட்டு சரிதான்." அவள் என் பேனாவை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே எழுதினாள். "எனக்கு அர்த்தம் கண்டுபிடிக்க வராது. கேட்க வரும். தண்ணின்னா, எவ்வளவு, வாளி வச்சா எத்தனை நிமிஷத்துல நிரம்பும்? சத்தம்னா, எந்த மாடியில நின்னு கேட்கறீங்க? உள்ள ஆள் இருக்கா, பேசறாரா? இப்ப உங்க கண்ணுக்கு என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க. இதையும் மீறி எனக்குப் பிடிபடலேன்னா சிவப்பு."

"அப்ப பாதிச் சீட்டு சிவப்பாத்தான் போகும்."

"போகட்டும் சார்," என்றான் நெட்டை. "ஓடறது நாங்கதானே? காலு இவ்வளவு நீளமா எதுக்கு வச்சிருக்கேன்?"

"நீ பிறக்கும்போதே அப்படித்தானே?" என்றாள் அவள்.

"ஆமாக்கா. பிறக்கும்போதே அக்காவுக்காகத்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து, மறுபடி துடைத்தார். "சரிம்மா," என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க. பார்க்கலாம்."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். முப்பது வருஷம் பல கம்பெனிகளில் வேலை பார்த்தவன் நான். 'பார்க்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் இவ்வளவு காலம் ஓட்ட முடியுமா? கண்ணில் தண்ணீர் முட்டியது; அதை மறைக்க நெட்டையின் ஈரக் கால்சட்டையைப் பார்த்தேன்.

அவள் எழவில்லை.

"எப்ப பார்க்கலாம் சார்?"

"எப்பன்னா... பார்க்கலாம்மா."

"என்னிக்கு? எனக்குக் கிழமை சொல்லணும்."

மேலாளர் என்னைப் பார்த்தார், காப்பாற்று என்பதுபோல. நான் என்ன செய்ய? இருபத்திரண்டு வருஷமாக என்னையே என்னால் அவளிடமிருந்து காப்பாற்ற முடிந்ததில்லை. அவர் நெட்டையைப் பார்த்தார். நெட்டை கூரையைப் பார்த்தான். கடைசியில் அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் பார்த்திருப்பார். ஆனால் காலண்டரைப் பார்த்துவிட்டால் அதில் கிழமைகள் இருக்கின்றன.

"திங்கள்," என்றார்.

"எத்தனை மணிக்கு?"

"எட்டரை. காலை மட்டும். மத்தியானத்துக்கு அந்தப் பொண்ணு இருக்கட்டும். ஒரு மாசம் உங்க சீட்டு ஒவ்வொண்ணையும் நானே பார்ப்பேன்."

"நல்லது சார். புகார் மேசையிலயா?"

"வேற எங்கம்மா? புகார் மேசையிலதான்."

அவள் தாளில் திங்கள், எட்டரை, புகார் மேசை என்று எழுதி, மடித்து வைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்ததும் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவர் முதல்ல பார்க்கலாம்னார். நீங்க உடனே எழுந்துட்டீங்க. ஏன்?"

"பார்க்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம்."

"அப்படியா? அப்புறம் ஏன் திங்கட்கிழமை வரச் சொன்னார்?"

"நீ கேட்டதால."

 அவள் எழுந்து போய், தட்டாமல், மேலாளர் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"சார், பார்க்கலாம்னு சொன்னப்ப வேண்டாம்னு நினைச்சுத்தான் சொன்னீங்களா?"

 நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மேலாளர் குரல், நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு சாதாரணக் குரல், மெதுவாக வந்தது.

"அப்ப ஆமாம்மா. இப்ப இல்ல."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இப்ப இல்லையாம்," என்றாள்.